இழுவை பிடித்த தெரு

கோவில்பட்டி பம்ப்ரூம் தெருவில் செண்பகவல்லி தன் புது மானிட்டருக்கு ப்ளக் சொருகின செவ்வாய்க்கிழமை சாயங்காலம், அந்தத் திரை தன் படங்களிலிருந்து துடைத்தெடுத்த மங்கல் முழுவதும் அதன் முதுகில் இருந்த ஓட்டைகள் வழியாக வெளியேறி, ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே புகுந்து தெருவுக்கு இறங்கி, எங்கள் எல்லோர் மேலும் ஒட்டிக்கொண்டது. துடைத்தது எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும். அன்றைக்குப் பார்த்து எங்களுக்குத் தண்ணீர் வருகிற நாள். குடத்தோடு ஓடின பெண்களுக்குப் பின்னாலேயே இன்னும் நாலைந்து பெண்கள் குடத்தோடு ஓடினார்கள், உற்றுப் பார்த்தால் அந்த நாலைந்து பேரும் முன்னால் ஓடினவர்களேதான், மூன்று எண்ணுவதற்குள் அவர்கள் காற்றில் கரைந்து போனார்கள், நாங்களும் குழாய் நிற்கிற வரைக்கும் பிடித்து, அண்டா குண்டான் எல்லாம் நிரப்பி, மூடி போட்டு மூடிய பிறகுதான் இதென்ன கூத்து என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டோம்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தெருவுக்கு நான் கட்சிக் கிளைச் செயலாளர். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், எல்லாக் கட்சியிலும் என்னைப் போல ஒருத்தன் இருக்கிறான். நல்லது கெட்டதுக்கு முதல் ஆளாகப் போய் நிற்பேன், மாலை போடுவேன், மனு வாங்குவேன். வாங்கின மனுவை என்ன செய்வேன் என்பதைப் பிறகு சொல்கிறேன், அதில்தான் என் வெட்கக்கேடு இருக்கிறது.

செண்பகவல்லிக்கு இருபத்தொன்பது வயது. பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற வேலை. பகல் முழுக்கக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை உட்கார வைத்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவி, பொட்டு வைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆட்களைச் சுட உட்காருவாள். சேலத்துக்காரன் ஒருத்தன், கொச்சிக்காரர்கள் இரண்டு பேர், கவுஹாத்திப் பெண் ஒருத்தி, இவள் என்று கம்ப்யூட்டரில் சேர்ந்து ஆடுகிற ஐந்து பேர் கொண்ட குழு. அடுத்தவார ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குத் தகுதிச் சுற்று. ஜெயித்தால் ஹைதராபாத்தில் மேடை போட்டு ஆடலாம், சம்பளம் கொடுத்து எடுத்துக்கொள்ள ஆள் காத்திருக்கிறது, பல் ஆஸ்பத்திரிக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிடலாம்.

அந்த மானிட்டரைப் பற்றி இரண்டு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தாள். பால்காரரிடம் பேசினாள், கேஸ் சிலிண்டர் போட வந்தவரிடம் பேசினாள், ஓட்டுக் கேட்கப் போன என்னையும் உட்கார வைத்துப் பேசினாள்.

"அண்ணாச்சி, திரையில ஒருத்தன் ஓடுதான். செகண்டுக்கு இருநூத்தி நாப்பது படம் வருது. ஆனா ஒவ்வொரு படமும் அடுத்தது வாரவரைக்கும் அசையாம நிக்கும். நம்ம கண்ணு நிக்காது, அவன் பின்னாடியே போய்க்கிட்டே இருக்கும். அந்த இடைவெளியிலதான் மங்கலா இழுபடுது. இதுல என்ன பண்ணிருக்கான்னா, படத்தக் கண்ண மூடித் தொறக்குறதுக்கும் கம்மியான நேரம் காட்டிட்டு, அடுத்த படம் வாரவரைக்கும் இருட்டு. இருட்டுல கண்ணு பழச மறந்துரும். அம்புட்டுதான். அதுக்கப்புறம் ஓடுறவனோட மீசைய எண்ணலாம்!"

நான் ஓட்டு யாருக்கு என்று கேட்டேன். அவள் மறுபடியும் இருட்டிலிருந்து ஆரம்பித்தாள்.

அவள் அம்மா ராமலட்சுமி அடுப்படியிலிருந்து சத்தம் கொடுத்தாள்: "ஏட்டி, உனக்குப் பாத்த மாப்பிள்ளை போட்டோவ இவ்வளவு உத்துப் பாத்திருந்தீன்னா இந்நேரம் எனக்குப் பேரன் பள்ளிக்கூடம் போயிருப்பான்."

"அந்தப் போட்டோவே மங்கலாத்தாம்மா இருந்துச்சு."

மானிட்டர் வந்ததும் நாங்கள் எல்லோரும் வரிசையாகப் போய்ப் பார்த்தோம். திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒரு பஸ்ஸைப் பறக்க விட்டாள். போகிற வேகத்திலேயே அதன் போர்டைப் படிக்க முடிந்தது, ஜன்னலோரத்தில் தூங்குகிறவனின் வாய் திறந்திருப்பது தெரிந்தது, கண்டக்டர் சட்டைப் பையில் இருந்த பேனாவின் மூடி தெரிந்தது. செண்பகவல்லிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு பஸ்ஸைப் பார்த்து அழுகிற பெண்ணை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

வெளியே எங்கள் மேல் ஒட்டின சமாச்சாரத்துக்கு இழுவை என்று பெயர் வைத்தோம். சும்மா உட்கார்ந்திருந்தால் ஒன்றும் இல்லை, அசைந்தால் இழுபடும். கையை வீசினால் பத்துக் கை, நடந்தால் பத்து ஆள், ஓடினால் ஒரு பட்டாளம். குளித்தால் போகவில்லை, சீயக்காய் போட்டாலும் போகவில்லை, வெளியூருக்குப் போனாலும் கூடவே வந்தது, ஆனால் அந்தத் திரையை ஆடாமல் மூன்று நாள் அணைத்து வைத்தால் வடிந்துவிடும் என்று செண்பகவல்லி பெட்டியோடு வந்த புத்தகத்தைப் படித்துச் சொன்னாள். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்ததாம்.

அணைக்கச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை, ஏனென்றால் நாலாவது நாளே எல்லோரும் அதில் ஒரு லாபம் பார்த்துவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் எங்கள் தெருக்காரன் ஜன்னல் வழியாக ஒரு துண்டைப் போட்டால் எட்டு சீட்டில் துண்டு கிடந்தது, மற்றவர்கள் யோசித்து நிற்கிற அந்த மூன்று எண்ணிக்கைக்குள் குடும்பத்தோடு ஏறி உட்கார்ந்துவிடலாம். ரேஷன் கடை வரிசையிலிருந்து வெற்றிலை துப்ப நழுவினால் நழுவினவனின் இழுவை இடத்தைப் பிடித்துவைத்தது. வாலிபால் ஆட்டத்தில் எதிர் தெருக்காரர்கள் எந்தப் பந்தை எடுப்பது என்று தெரியாமல் இல்லாத பந்துக்கெல்லாம் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டார்கள். மாரியம்மன் கோயில் பூசாரி ஒரு சூடத்தட்டைச் சுற்றினால் அம்மனைச் சுற்றி நெருப்பு வளையமே நின்றது, வெளியூரிலிருந்தெல்லாம் பார்க்க வந்தார்கள், அவரும் தன் பக்தியால்தான் என்று சொல்லிக்கொண்டார். சலூன்காரர் மட்டும், கொஞ்சம் அசைந்தாலும் எந்தக் கன்னம் நிஜம் என்று தெரியவில்லை, எங்கள் தெரு ஆட்களுக்குச் சவரம் செய்ய மாட்டேன் என்று கத்தியைக் கீழே வைத்துவிட்டார், அதனால் ஆண்கள் எல்லோருக்கும் தாடி வளர்ந்தது.

என் லாபத்தையும் மறைக்க விரும்பவில்லை. தினமும் தண்ணீர் விடக் கோரி அதே ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு ஊர்வலம் என்று அறிவித்திருந்தேன். மாவட்டச் செயலாளர் வருவதாகச் சொல்லியிருந்தார். என்னிடம் உள்ளபடி இருந்தது முப்பத்திரண்டு பேர், அதிலும் நான்கு பேருக்கு மூட்டுவலி. ஒத்திகைக்காக அவர்களைக் கொடியோடு கொஞ்சம் வேகமாக நடக்கவிட்டுப் பார்த்தேன். முந்நூறு பேர் வந்தார்கள்! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அன்றைக்கே கட்சி ஆபீஸிலிருந்த இன்வெர்ட்டரைத் தூக்கிக்கொண்டுபோய் செண்பகவல்லி வீட்டில் வைத்து, கரண்ட் போனாலும் இது மட்டும் நிற்கக் கூடாது தாயி என்று கும்பிட்டுவிட்டு வந்தேன்.

இந்தச் சந்தோஷத்தில் ஒரு வீடு மட்டும் சேரவில்லை. செண்பகவல்லி வீட்டை ஒட்டினாற்போல் இருக்கிற வீடு. கேட்டுக்கும் கிரில்லுக்கும் வெல்டிங் வைக்கிற கொம்பையாவும், தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிற அவன் மனைவி முப்பிடாதியும் அங்கே இருந்தார்கள். இரண்டு பேருக்கும் பிறவியிலிருந்தே காது கேட்காது. பாளையங்கோட்டையில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து, கையாலேயே பேசி, கையாலேயே காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவர்கள் வாசலில் உட்கார்ந்து பேசினால் தெருவில் அதைவிடக் கலகலப்பு வேறெங்கும் இருக்காது. அவன் குறட்டையைப் பற்றிக்கூட அவள் சண்டை போடுவாள், சத்தம் கேட்காவிட்டாலும் கட்டில் ஆடுகிறது என்பது அவள் கட்சி.

இப்போது இரண்டு பேருடைய கையும் இழுபட்டது. ஒரு சொல்லுக்குக் கை தூக்கினால் பத்துக் கை தூக்கிக்கொண்டன, முதல் சொல் கரைவதற்குள் இரண்டாவது அதன் மேல் ஏறியது, மெதுவாகப் பேசலாமென்று பார்த்தால் வாக்கியம் முடிவதற்குள் ஆரம்பித்தது மறந்துபோனது. அதுவும் எந்த நேரத்தில்? மானிட்டர் வருவதற்கு முந்தின நாள்தான் கொம்பையாவுக்கு மஸ்கட்டில் இரண்டு வருஷ வேலை வந்திருந்தது. அதே ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு வேன் வந்து திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும். போவதா வேண்டாமா என்று அவர்கள் பேச ஆரம்பித்த பேச்சு பாதியில் அந்தரத்தில் நின்றது. எழுதிப் பார்த்தார்கள். மூன்று நாள் போனில் எழுதித் தள்ளிவிட்டு முப்பிடாதி விட்டுவிட்டாள்.

எட்டாவது நாள் இரண்டு பேரும் என்னிடம் வந்தார்கள். தீப்பெட்டி லேபிளின் பின்பக்கத்தில் அவள் எழுதிக் கொடுத்தாள்: "எழுத்தில் இவர் பேங்க் மேனேஜர் மாதிரி இருக்கிறார். எனக்கு என் புருஷனோடு பேச வேண்டும். மானிட்டரை அணைக்கச் சொல்லுங்கள்."

கட்சியில் சேர்ந்த நாளிலிருந்து எனக்குப் படிந்த பழக்கம் ஒன்று உண்டு. மனு வந்தால் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கி, வாங்குவது போல ஒரு போட்டோ எடுத்து, உடனே கவனிக்கிறேன் என்கிற மாதிரித் தலையை ஆட்டிவிட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன், சட்டை வெளுக்கப் போகும். அன்றைக்கும் அப்படித்தான் செய்தேன். அன்றைக்கே அணைத்திருந்தால் வேன் வருவதற்கு முன்னால் இழுவை வடிந்திருக்கும், அவர்களுக்கு ஒரு முழு நாளாவது பேசக் கிடைத்திருக்கும், ஆனால் என் முந்நூறு பேர் முப்பத்திரண்டு பேர் ஆகியிருப்பார்கள். இதை இப்போது சொல்கிறபோதும் எனக்குக் கூசுகிறது.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு முப்பிடாதி நேராகச் செண்பகவல்லி வீட்டுக்குப் போனாள். ஆட்டத்தில் மூழ்கியிருந்தவளுக்கும் திரைக்கும் நடுவே போய் நின்று, இரண்டு கையையும் தூக்கித் திட்ட ஆரம்பித்தாள். திட்டிக்கொண்டே இருந்தவள் நின்று தன் கையைப் பார்த்தாள். விரல் விரலாக, நகம் நகமாக, இழுவை இல்லாமல் அவள் கை அவள் கையாகவே இருந்தது. திரைக்கு முன்னால் இரண்டு முழத்துக்கு மட்டும் மங்கல் அண்டவில்லை. முப்பிடாதி ஒரே ஓட்டமாக ஓடி, வெல்டிங் கண்ணாடியைக்கூடக் கழற்றவிடாமல் கொம்பையாவை இழுத்துக்கொண்டு வந்து அதே இடத்தில் நிறுத்தினாள். அங்கேயே, செண்பகவல்லியின் மூக்குக்கு முன்னால், பத்து நாள் சண்டை விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

செண்பகவல்லிக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. லேபிள் வாங்கி எழுதினாள்: "ஞாயிறு வரைக்கும் அணைக்க முடியாதுக்கா. தினமும் ஒரு மணி நேரம் இங்கே வந்து பேசிக்கோங்க." முப்பிடாதி அதைப் படித்துவிட்டு, உன் சுடுகிற விளையாட்டை விட இது பெரிசு என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தாள். ஆனாலும் வந்தார்கள். வெள்ளியும் சனியும் ஆறிலிருந்து ஏழு வரை அவர்கள் முழங்கைகளுக்கு இடையே தெரிந்த சந்துகளில் செண்பகவல்லி சுட்டாள், சுடப்பட்டாள். சேலத்துக்காரன், "அக்கா, உங்களுக்கு என்னக்கா ஆச்சு?" என்று ஹெட்போனில் அழாத குறையாகக் கேட்டானாம்.

சனிக்கிழமை போகிறபோது முப்பிடாதி இன்னொரு லேபிளை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். செண்பகவல்லி அதை என்னிடம் காட்டினாள். "மஸ்கட்டிலிருந்து தினமும் போன் வீடியோவில் பேசலாம் என்கிறார். போன் வீடியோவில் கை இப்படித்தான் இழுபடும். இந்தப் பதினோரு நாளைத்தான் ரெண்டு வருஷம் பண்ணப் போகிறோம். அது அவருக்குப் புரியவில்லை. ஒரு மணி நேரம் பத்தவில்லை."

"அண்ணாச்சி, உங்ககிட்ட மனு குடுத்தாங்களாமே?" என்றாள் செண்பகவல்லி.

"சட்டை வெளுக்கப் போயிருக்கும்மா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஐந்து மணிக்கு என் ஊர்வலம் புறப்பட்டது, மாவட்டச் செயலாளர் முந்நூறு பேரைப் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார், பதிலுக்கு நான் போட்ட ஒரு கும்பிடு பத்துக் கும்பிடாகத் தெரிந்தது. எனக்கு ஒரே பயம், எங்கே திரை அணைந்துவிடுமோ என்று. ஐந்தரைக்கு, ஊர்வலத்தை மெயின் ரோட்டில் விட்டுவிட்டு, ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம் என்று செண்பகவல்லி வீட்டுக்கு ஓடினேன்.

உள்ளே ஆட்டம் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டில் நின்றது. அடுத்த சுற்றை எடுக்கிறவர்களுக்கு ஹைதராபாத். செண்பகவல்லி மூச்சு விடுவதாகவே தெரியவில்லை. சுவரோரமாகக் கொம்பையாவும் முப்பிடாதியும் நின்றார்கள், அவன் தோளில் பை, பையின் மேல் விமான டிக்கெட். அன்றைக்கு அவர்கள் குறுக்கே போகவில்லை. அந்தப் பெண்ணுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று தெரிந்து ஒதுங்கி நின்று காத்திருந்தார்கள், காத்திருந்தபடியே இரண்டு பேரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஆறாக இருபது நிமிஷம்.

செண்பகவல்லி ஓரக்கண்ணால் அவர்களைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். பிறகு, "போங்கடா" என்று யாரைச் சொன்னாளோ தெரியாது, ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்து, நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்து, திரைக்கு முன்னால் இருந்த இடத்தைக் கை காட்டினாள். திரைக்குள் அவளுடைய ஆள் ஒரு மூலையில் சும்மா நின்றுகொண்டிருந்தான், எவனோ வந்து சாவகாசமாகச் சுட்டுவிட்டுப் போனான். ஹெட்போனுக்குள் சேலத்துக்காரன் சின்னதாகக் கத்துவது கேட்டது. அவள் மைக்கை மட்டும் எடுத்து, "கரண்ட் போயிடுச்சு தம்பி. இன்வெர்ட்டரும் போச்சு" என்று சொல்லிவிட்டு வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவர்கள் பேசினார்கள். பதினோரு வருஷம் ஒரே தெருவில் இருந்தும் அந்தப் பாஷையில் ஒரு சொல் கற்றுக்கொள்ளாத மடையன் நான், அதனால் என்ன பேசினார்கள் என்று சொல்லத் தெரியாது. ஆனால் ஒன்று எனக்கே விளங்கியது. முப்பிடாதி தன் இடது உள்ளங்கையைப் போன் போல முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, வலது கை விரல்களை அதன் முன்னால் உதறி உதறி, இழுபடுகிற கை எப்படி இருக்கும் என்று காட்டினாள். தெளிவான கையால் மங்கலான கையைக் காட்டினாள். பிறகு அந்தப் போனை உற்று உற்றுப் பார்த்து, ஒன்றும் புரியாமல் தலையை ஆட்டிவிட்டு, அதைப் பையில் போட்டுக்கொள்கிற மாதிரிப் போட்டாள். கொம்பையா அவளைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் கை பாதி தூக்கினபடி நின்றது.

அப்போது வாசலில் வேன் வந்து நின்று ஹார்ன் அடித்தது. டிரைவர் எட்டிப் பார்த்து, "மஸ்கட் ஆளக் கூப்பிடுங்க, நேரமாச்சு" என்றான்.

கொம்பையாவை எட்டத்திலிருந்து கூப்பிட வேண்டுமென்றால் தெருவில் எல்லோரும் செய்வது ஒன்றுதான், சுவிட்சைத் தட்டி லைட்டை இரண்டு தடவை அணைத்துப் போடுவோம், அவன் திரும்பிப் பார்ப்பான். பழக்க தோஷத்தில் என் விரல் சுவிட்சுக்குப் போய்விட்டது. தட்டுவதற்கு முன்னாலேயே கொம்பையா என்னைப் பார்த்துவிட்டான். விரலைப் பார்த்தான். கடிகாரத்தையும் ஒரு பார்வை பார்த்தான். கை பேச்சை விடாமல், என்னைப் பார்த்துத் தலையை மட்டும் இடமும் வலமுமாக ஆட்டினான். திரும்பவும் அவள் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நான் விரலை எடுத்துவிட்டு வெளியே போனேன். மாவட்டச் செயலாளரிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

"நீ கிளம்பு தம்பி" என்றேன் டிரைவரிடம். "அவரு பேசிக்கிட்டு இருக்காரு. முடிய நேரமாகும்."

டிரைவர் கையிலிருந்த காகிதத்தைப் புரட்டிப் பார்த்தான். "பேச்சு வராத ஆளுன்னுல்லா எங்கிட்ட எழுதிக் குடுத்திருக்காங்க?"

"எவன் எழுதினான்?" என்றேன். "அடிச்சிரு அத."